ஆண்டுக்கு 110 யூரோ: சீசாவில் ஒரு பழைய பிக்கப்பின் கணக்கு

79.02 யூரோ. இத்தாலியில் 3.5 டன்னுக்கு மேற்படாத வண்டியைத் தனியார் நிலையம் ஒன்றில் ‘ரெவிசியோனே’ என்னும் தகுதிச் சோதனைக்கு விட, 2021 நவம்பர் 1 முதல் கட்ட வேண்டிய தொகை இது. அதற்கு முன் 66.88 யூரோ. உயர்வு 12.14 யூரோ, அதாவது 18.2 சதவீதம். புதிய தொகையைப் பிரித்தால் சோதனைக் கட்டணம் 54.95, அதன் மேல் 22 சதவீத மதிப்புக் கூட்டு வரி 12.09, அரசுப் பதிவு அலுவலகத்துக்கான உரிமைத் தொகை 10.20, அஞ்சல் கட்டணம் 1.78. வண்டி வாங்கிய நான்காம் ஆண்டில் முதல் சோதனை. பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. எனவே பலெர்மோ நகரின் சீசா பகுதியில் ஒரு பழைய பிக்கப்பைச் சாலைத் தகுதியோடு வைத்திருக்க அரசு கேட்கும் சோதனைச் செலவு ஆண்டுக்கு 39.51 யூரோ. சோதனையைத் தவறவிட்டுப் பிடிபட்டால் அபராதம் 173 யூரோவில் தொடங்கி 694 வரை போகும். மிகக் குறைந்த அபராதமே சோதனைச் செலவின் 2.19 மடங்கு.

இந்தத் தொகையில் வண்டியின் வயதுக்கு இடமில்லை. ஐந்து வயதுக் காருக்கும் முப்பது வயதுப் பிக்கப்புக்கும் அதே 79.02தான். இந்தியாவில் கணக்கு வேறு. 15 ஆண்டு முடிந்த தனியார் இலகுரக வண்டியின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய் ஆனது, 8.33 மடங்கு. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய 600 ரூபாயின் 16.7 மடங்கு. தமிழ்நாட்டில் பழைய ஜீப்பையோ பிக்கப்பையோ பேணுகிறவர் வயதுக்கே பணம் கட்டுகிறார். பலெர்மோவில் இருப்பவர் வண்டியின் நிலைக்குக் கட்டுகிறார். பின்னது நியாயமான முறை என்பது என் எண்ணம். ஆனால் அந்த முறையில் வண்டியின் நிலையைப் பேணும் பொறுப்பு முழுவதும் சொந்தக்காரரின் தலையில் விழுகிறது.

கணக்குக்கு ஒரு வண்டி வேண்டும். லாண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 பிக்கப்பை எடுத்துக்கொள்கிறேன். 300 டிடிஐ எனப்படும் டீசல் எஞ்சின் பூட்டி 1994க்குப் பின் சில ஆண்டுகள் வெளிவந்தது. கொள்ளளவு 2,495 கன சென்டிமீட்டர், திறன் 83 கிலோவாட், முறுக்குவிசை 265 நியூட்டன் மீட்டர், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,050 கிலோ. அளவுகள் எல்லாம் அச்சில் கிடைப்பதால் இந்தத் தேர்வு. இலங்கை மலையகத்தின் தோட்டப் பாதைகளிலும் நீலகிரியிலும் லாண்ட் ரோவரைப் பார்த்து வளர்ந்த வாசகர்களுக்கு வண்டியை விளக்க வேண்டியதும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓடும் கார்களின் சராசரி வயது 2022 கணக்குப்படி 12.3 ஆண்டு; சிறிய சரக்கு வண்டிகளுக்கு 12.5 ஆண்டு. நம் பிக்கப் அந்தச் சராசரியை இரண்டு மடங்குக்கு மேல் தாண்டியது.

வீட்டு வாசலில் வைத்துப் பழுதுபார்ப்பதற்கு இத்தாலியில் ஒரு சட்டம் எல்லை போடுகிறது: 1992 பெப்ரவரி 5ஆம் நாளின் 122ஆம் எண் சட்டம். அதன் 6ஆம் பிரிவின்படி, சாதாரணமான சிறு பராமரிப்பு தவிர்ந்த எல்லா வேலைக்கும் சொந்தக்காரர் பதிவு பெற்ற பட்டறைக்கே போக வேண்டும். மீறினால் அபராதம் சட்டம் எழுதப்பட்ட காலத்து நாணயத்தில் 1,00,000 முதல் 5,00,000 லிரா. ஒரு யூரோவுக்கு 1,936.27 லிரா என்ற நிலையான வீதத்தில் 51.65 முதல் 258.23 யூரோ. காற்று வடிகட்டி, எண்ணெய் வடிகட்டி, எஞ்சின் எண்ணெய், மற்ற மசகு எண்ணெய்கள், குளிர்விக்கும் நீர் ஆகியவற்றை மாற்றுவது பட்டறைத் தொழிலில் சேராது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆக, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் ஸ்பிரிங்கும் சாசி வெல்டிங்கும் வீட்டு வேலை அல்ல. எண்ணெயும் வடிகட்டியும் வீட்டு வேலை. பட்டியல் சிறியது. ஆனால் பிக்கப்பின் அடியில் படுத்துப் பார்த்தவருக்கு அது அவ்வளவு சிறியதும் இல்லை.

16.28 லிட்டர். இந்த வண்டியில் நிற்கும் மசகு எண்ணெயின் மொத்த அளவு இது. எஞ்சினில் வடிகட்டியோடு சேர்த்து 6.65 லிட்டர், கியர்பெட்டியில் 2.67, நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துவிடும் துணைக் கியர்பெட்டியில் 2.30, முன் டிஃபரன்ஷியலில் 1.70, பின் டிஃபரன்ஷியலில் 2.26, முன் சக்கரங்கள் திரும்பும் இரண்டு உருண்டைக் கூடுகளில் 0.35 வீதம் 0.70. எஞ்சின் எண்ணெய் மொத்தத்தில் 40.8 சதவீதம் மட்டுமே. மீதி 59.2 சதவீதம், அதாவது 9.63 லிட்டர், பலர் பார்க்காமலே விட்டுவிடும் ஐந்து இடங்களில் இருக்கிறது. எஞ்சின் எண்ணெய்க்கான இடைவெளி 10,000 கிலோமீட்டர் என்பது சொந்தக்காரருக்கு மனப்பாடம். டிஃபரன்ஷியலைக் கடைசியாக எப்போது திறந்தோம் என்று கேட்டால் பதில் வராது.

காட்டுப் பாதை வண்டியில் இந்த மறதிக்கு விலை கூடுதல். தயாரிப்பாளர் அனுமதித்த நீராழம் 500 மில்லிமீட்டர். ஓடிச் சூடான அச்சுக்கூடு குளிர்ந்த ஓடை நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் அது சீல் வழியாக நீரை உள்ளே இழுக்கும். பின் டிஃபரன்ஷியலின் வடிகால் திருகாணியைக் கழற்றும்போது முதலில் வரும் கால் கோப்பை அளவே உண்மையைச் சொல்லிவிடும். தெளிந்த தேன் நிறமோ கறுப்போ என்றால் வயது மட்டும்தான். பால் கலந்தாற்போல் வெளுத்து நுரைத்து வந்தால் நீர் புகுந்திருக்கிறது. திருகாணியின் காந்த நுனியில் மாவு போன்ற இரும்புத்தூள் ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம்; நகத்தில் தட்டுப்படும் சில்லு இருந்தால் பல்சக்கரம் உடைந்து வருகிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கு ஆகும் எண்ணெய் 2.26 லிட்டர். அதைச் செய்யாமல் விட்டால் போவது டிஃபரன்ஷியல் முழுவதும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டும் தேசிய அமைப்பு இத்தாலியில் 1984 முதல் இயங்குகிறது, பலெர்மோ மாநகராட்சியின் சேகரிப்பு மையங்களும் உள்ளன.

இனி கூலி. பட்டறைக் கூலி மணிக்கு 40 யூரோ என்று வைத்துக்கொள்வோம். இடத்துக்கு இடம் மாறும். கணக்கின் போக்கு மாறாது. 22 சதவீத வரி சேர்ந்தால் 48.80 யூரோ. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டம். எஞ்சின் எண்ணெய்க்கும் வடிகட்டிகளுக்கும் ஆண்டுக்கு ஒன்றரை மணி நேரம். மற்ற ஐந்து இடங்களின் எண்ணெய்க்கு நான்கு ஆண்டில் ஒரு முறை மூன்று மணி நேரம். நான்கு ஆண்டில் மொத்தம் 9 மணி நேரம், 439.20 யூரோ. ஆண்டுக்கு 109.80 யூரோ. எண்ணெயும் வடிகட்டியும் எங்கே மாற்றினாலும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதால் அவை இந்தக் கணக்கில் இல்லை. சட்டத்துக்கு உட்பட்டுச் சீசாவில் ஒருவர் தம் கையால் வேலை செய்து மிச்சப்படுத்தக்கூடியது, சுமாராகச் சொன்னால், ஆண்டுக்கு 110 யூரோ. தகுதிச் சோதனையின் ஆண்டுப் பங்கான 39.51ஐப் போல இது 2.78 மடங்கு. சிறிய தொகை என்று ஒதுக்க முடியாது. பலெர்மோவில் வீட்டு வேலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் போய்வரும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒரு மாத மின் கட்டணமாவது இருக்கும்.

மாற்றியமைத்தல் என்று வரும்போது அந்த 110 யூரோ எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இரும்பு முன்தடுப்பு, விஞ்சு, கூரைத் தட்டு, பக்கவாட்டுக் காப்புக் குழாய், இரண்டாவது பேட்டரி ஆகியவற்றைப் பூட்டினால் 200 கிலோ கூடுகிறது என்று கொள்வோம். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் கையேடு 45 கிலோ கூடுதல் எடைக்கு ஏறத்தாழ 1 சதவீத இழப்பு என்று மதிப்பிடுகிறது. 200 கிலோவுக்கு அது 4.4 சதவீதம். வண்டி 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடித்தால் ஆண்டுக்கு 1,100 லிட்டர், அதில் 4.4 சதவீதம் 48.4 லிட்டர். டீசல் லிட்டருக்கு 1.65 யூரோ என்றால் 79.86 யூரோ. வீட்டு வேலையில் மிச்சமானதில் 72.7 சதவீதம் எடைக்கே போய்விட்டது. கூரையில் பெரிய பெட்டி ஏற்றினால் நகரத்துக்குள் 2 முதல் 8 சதவீதம், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் இழப்பு என்று அதே கையேடு சொல்கிறது. நடுவில் 5 சதவீதம் என்று எடுத்தாலும் 55 லிட்டர், 90.75 யூரோ. இரண்டும் சேர்ந்து 170.61 யூரோ. மிச்சம் பிடித்த 109.80 போய், மேலும் 60.81 யூரோ கையிலிருந்து போகிறது. விஞ்சும் பெட்டியும் வாங்கிய விலை இதில் இல்லை.

அந்த டீசலின் விலையில் பாதிக்கு மேல் வரி. 2025 மே 15 முதல் இத்தாலியில் டீசல் மீதான கலால் வரி 1,000 லிட்டருக்கு 617.40 யூரோவிலிருந்து 632.40 ஆனது, 2026 ஜனவரி 1 முதல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரே அளவாக 672.90. கடைசி உயர்வு மட்டும் லிட்டருக்கு 4.05 சதம், அதன் மேல் 22 சதவீத வரி சேர்ந்து 4.94 சதம். 1,100 லிட்டருக்கு 54.35 யூரோ. மேலே கண்ட 110 யூரோவில் பாதியை இந்த ஒரு மாற்றமே எடுத்துக்கொள்கிறது. 2022 மார்ச்சில் இதற்கு நேர்மாறாக அரசு லிட்டருக்கு 25 சதம் கலாலைக் குறைத்தது, வரியோடு 30.5 சதம், அந்தச் சலுகை அந்த ஆண்டின் முடிவோடு தீர்ந்தது. கலால் கூடுவதும் குறைவதும் சொந்தக்காரரின் கையில் இல்லை. எத்தனை லிட்டர் எரிப்பது என்பது ஓரளவு அவர் கையில்.

டயர் விஷயத்தில்தான் ஆசையும் அளவும் அதிகம் மோதுகின்றன. 235/85 ஆர் 16 டயரின் விட்டம் 805.9 மில்லிமீட்டர்: சக்கர விளிம்பு 406.4, அதன் மேலும் கீழும் 235இன் 85 சதவீதமாக 199.75 வீதம். இதை 255/85 ஆர் 16 ஆக்கினால் விட்டம் 839.9. கூடியது 34 மில்லிமீட்டர். ஆனால் அச்சு உயர்வது அதில் பாதி, 17 மில்லிமீட்டர். கல்லில் முதலில் இடிப்பது டிஃபரன்ஷியலின் வயிறு. அதற்குக் கிடைத்தது இந்த 17தான். 50 மில்லிமீட்டர் உயரமான ஸ்பிரிங் போட்டால் உடல் உயரும், டிஃபரன்ஷியல் உயராது. அதற்குக் கிடைப்பது 0 மில்லிமீட்டர். இந்த ஒரு வரியைக் கடைக்காரர் சொல்வதில்லை, வாங்குகிறவர் கேட்பதும் இல்லை.

17 மில்லிமீட்டருக்குக் கொடுக்கும் விலை 4.2 சதவீதம். டிஃபரன்ஷியல் விகிதம் 3.54, சக்கரம் பெரிதானதால் அது 3.40 ஆக இருப்பது போல வண்டி நடந்துகொள்ளும். மேட்டில் கிடைக்கும் இழுவையைக் கணக்கிட்டால், 265 நியூட்டன் மீட்டர் எஞ்சின் 254.3 ஆகச் சுருங்கியதற்குச் சமம். வேகமானி 90 காட்டும்போது வண்டி 93.8 கிலோமீட்டரில் போகும். இத்தாலியில் ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையின் எல்லை 90. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐக்கிய நாடுகளின் 39ஆம் எண் விதி. கூட்டிக் காட்ட 10 சதவீதமும் 4 கிலோமீட்டரும் வரை இடம் உண்டு. தயாரிப்பாளர் வைத்த கூடுதலில் இந்த 4.2 சதவீதம் மறைந்துபோகலாம், போகாமலும் இருக்கலாம். அளந்துதான் சொல்ல முடியும்.

உயரம் கூடினால் வண்டி தாங்கும் சாய்வு குறையும். இந்த வண்டியின் இரு சக்கரத் தடங்களுக்கு இடையே 1,486 மில்லிமீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 800 மில்லிமீட்டரில் இருப்பதாகக் கொண்டால் அசையாமல் நிற்கும் வண்டி கவிழும் கோணம் 42.9 பாகை. 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் 41.2 பாகை. குறைவு 1.7 பாகை. கூரையில் சுமை ஏற்றினால் இன்னும் குறையும். மடோனியே மலைகளில் 1,979 மீட்டர் உயர பிட்சோ கார்பொனாரா பக்கத்துப் பாதைகளுக்கு வண்டியைத் தயார் செய்கிறவர் 17 மில்லிமீட்டரையும் 1.7 பாகையையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் கணக்கு இதைவிடச் சுருக்கம். இத்தாலியச் சாலைச் சட்டத்தின் 78ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பிலோ குறிப்பிட்ட கருவிகளிலோ மாற்றம் செய்தால் அரசு அலுவலகத்தில் நேரில் காட்டிப் பதிவு ஏட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறது. செய்யாவிட்டால் அபராதம் 400 யூரோவுக்கு மேல் தொடங்கும். பதிவு ஏடும் பறிக்கப்படும். தொடக்க அபராதமே 110 யூரோ மிச்சத்தின் மூன்றரை ஆண்டுப் பலனுக்கு மேல். 2021 ஜனவரி 8 ஆணை இழுவைக் கொக்கி போன்ற சிலவற்றுக்கு நேரில் காட்டும் கட்டாயத்தைத் தளர்த்தியது. ஏட்டில் இல்லாத டயர் அளவுக்கும் உயர்த்திய ஸ்பிரிங்குக்கும் அது வழி திறக்கவில்லை. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று, தயாரிப்பாளரின் மூல அளவுகளிலிருந்து விலகும் மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி செல்லாது என்றது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, அவ்வாறு மாற்றிய சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும் என்கிறது. டயர், தடுப்பு, ஸ்பிரிங் என மூன்று மாற்றம் என்றால் 15,000 ரூபாய்.

இப்போது பிரேக். இதில் என் கவலை கூடுதல். பலெர்மோவில் நம்மவர்கள், சைவரும் கத்தோலிக்கரும், மொந்தே பெல்லெக்ரினோ மலையில் சாந்தா ரொசாலியா திருத்தலத்துக்கு ஏறுவார்கள். திருத்தலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 430 மீட்டரில் இருக்கிறது. ஆட்களோடு 2,000 கிலோ எடையுள்ள பிக்கப் அங்கிருந்து கடலோரம் வரை இறங்கினால் கரைக்க வேண்டிய ஆற்றல் 8.44 மெகா ஜூல். 20 பாகை செல்சியஸில் இருக்கும் 25.2 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். மேலே கண்ட 200 கிலோ கருவிகளைச் சேர்த்தால் 9.28 மெகா ஜூல். 10 சதவீதம் அதிகம். எல்லாமே பிரேக்கில் விழாது. தாழ்ந்த கியரில் எஞ்சினும், காற்றும், சக்கர உருளலும் பங்கெடுக்கும். நியூட்ரலில் விட்டு இறங்குகிறவருக்கு எஞ்சினின் பங்கு சுழியம்.

இந்த வெப்பத்தைத் தாங்கும் கடைசி எல்லை பிரேக் திரவத்தின் கொதிநிலை. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் தாங்க வேண்டும், ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் உறிஞ்சிய பின் 155 பாகை போதும் என்பது தரவிதி. டாட் 3க்கு 205, 140. அதாவது டாட் 4 திரவம் ஈரப்பதத்தால் மட்டும் 75 பாகை இழக்கிறது. திரவம் கொதித்தால் குமிழி அமுங்கும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான பரிந்துரை. 122ஆம் சட்டம் வீட்டு வேலையாக விட்டுவைத்த திரவங்கள் மசகு எண்ணெயும் குளிர்விக்கும் நீரும் மட்டுமே. பிரேக் திரவம் அதில் இல்லை. எனவே பட்டறை: ஒரு மணி நேரம் என்றால் 48.80 யூரோ, ஆண்டுக்கு 24.40. இது மிச்சம் பிடிக்கும் இடம் அல்ல. தகுதிச் சோதனையில் ஓர் அச்சின் இடது வலது பிரேக் வேறுபாடு 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கைப்பிரேக் குறைந்தது 16 சதவீதத் திறன் காட்ட வேண்டும். சோதனைக்கு முந்தின மாதத்தில் திரவத்தை மாற்றினால் இரண்டு சுழற்சியும் ஒன்றாக ஓடும்.

துருவுக்கு வருவோம். டிஃபெண்டரின் உடல் அலுமினியக் கலவை. சாசி எஃகு, சுவர் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். பலெர்மோ கடலோர நகரம்; சீசாவிலிருந்து கடல் சில கிலோமீட்டர்தான். உப்புக் காற்றுள்ள இடங்களுக்கான அனைத்துலகத் தரவிதி வகுப்பு சி4இல் முதல் ஆண்டு அரிப்பு வெற்று எஃகுக்கு 50 முதல் 80 மைக்ரோமீட்டர், துத்தநாகத்துக்கு 2.1 முதல் 4.2 மைக்ரோமீட்டர். ஏறத்தாழ இருபது மடங்கு வேறுபாடு. 1.5 முதல் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகைச் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்தால் பூச்சின் சராசரி 55 மைக்ரோமீட்டர் இருக்க வேண்டும். அது 13 முதல் 26 ஆண்டு தாங்கும் கணக்கு. பூச்சு உரிந்த சாசி உள்ளும் புறமும் ஆண்டுக்கு 50 வீதம் 100 மைக்ரோமீட்டர் இழந்தால் 2 மில்லிமீட்டர் 20 ஆண்டில் தீரும். உண்மையில் வேகம் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும், சேறு தங்கும் மூலையில் கூடும். எனவே இது வரம்பு மட்டுமே. முப்பது வயது வண்டியின் பின் குறுக்குச் சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் இரும்பு இருக்கிறது. பொத்தென்றால் படலம் படலமாகத் துருதான் மிச்சம். தட்டிப் பார்ப்பது வீட்டு வேலை, செலவு இல்லை. வெல்டிங் பட்டறை வேலை. விஞ்சுக்கு ஒதுக்கிய பணத்தை இங்கே திருப்புவதே சரி.

உதிரிப்பாகத்துக்கு வரியும் நாணயமும் எவ்வளவு பாரம் என்பதை இலங்கைக் கணக்கு காட்டுகிறது. அங்கே 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரி 1 அன்றுதான் மீண்டும் திறந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நாடு இருந்த வண்டிகளையே பழுதுபார்த்து ஓடியது. 50 டாலர் பெறும் ஓர் உதிரிப்பாகத்தை எடுத்துக்கொள்வோம். 2022 தொடக்கத்தில் டாலர் சுமார் 200 ரூபாய், மதிப்புக் கூட்டு வரி 8 சதவீதம்: சுங்கத்தை விட்டுவிட்டால் 10,800 ரூபாய். அதே ஆண்டு செப்டம்பரில் டாலர் சுமார் 360, வரி 15 சதவீதம்: 20,700 ரூபாய், 91.7 சதவீத உயர்வு. 2024இல் டாலர் சுமார் 300, வரி 18 சதவீதம்: 17,700 ரூபாய். ரூபாய் மீண்டும் வலுத்த பிறகும் பாகத்தின் விலை பழையதைவிட 63.9 சதவீதம் மேலேயே நின்றது. இந்தியாவில் உதிரிப்பாகங்கள் மீதான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதமானது. 12,800 ரூபாய்ப் பாகம் 11,800 ஆனது, 7.8 சதவீதக் குறைவு. இத்தாலியின் 22 சதவீதம் 2013 அக்டோபர் 1 முதல் அப்படியே இருக்கிறது.

டீசலிலும் அதே கதை. 2021 டிசம்பரில் இலங்கையில் லிட்டர் 121 ரூபாய். 2022 ஏப்ரல் 19 அன்று 289. மே 24 அன்று 400. ஜூன் 26 அன்று 460. ஆறே மாதத்தில் 3.8 மடங்கு. அந்த ஜூலையில் வந்த கியூஆர் அட்டை முறையில் வேனுக்கு வாரம் 20 லிட்டர். 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடிக்கும் வண்டி அதில் 182 கிலோமீட்டர் போகும். 200 கிலோ கருவி ஏற்றி 11.48 லிட்டர் குடித்தால் 174 கிலோமீட்டர். பங்கீட்டு நாளில் அந்த 8 கிலோமீட்டர் ஒரு மருத்துவமனைப் பயணம். இதைவிடக் கடுமையான காலத்தை யாழ்ப்பாணம் 1990 முதல் கண்டது. எரிபொருளும் உதிரிப்பாகமும் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில், 1,200 கன சென்டிமீட்டர் ஒஸ்டின் ஏ40 போன்ற கார்களைச் சில துளி பெட்ரோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்த எஞ்சின்களின் அழுத்த விகிதம் 7க்கு 1 என்ற அளவில் தாழ்ந்திருந்ததால் தட்டுச் சத்தத்தோடேனும் அது முடிந்தது. அந்த மெக்கானிக்குகள் செய்ததும் மாற்றியமைத்தல்தான். ஒவ்வொன்றும் தேவையால் வந்தது. பலெர்மோவில் குடியேறிய பலர் அந்தக் கராஜ்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். கையில் ஸ்பேனரை எடுக்கத் தயங்காத அந்தப் பழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆகவே வீட்டிலேயே வண்டியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் பின் டிஃபரன்ஷியலின் 2.26 லிட்டரை மாற்றுங்கள். அடுத்து, பிரேக் திரவம் கடைசியாக மாற்றிய தேதியைப் பட்டறையில் கேட்டு எழுதி வையுங்கள். டயர் வாங்கப் போகும்போது பதிவு ஏட்டைக் கையில் எடுத்துப் போங்கள். அதில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு வெளியே எந்த அளவையும், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், வாங்காதீர்கள்.